எடை பார்ப்பது மட்டும் நோயறிதல் ஆகாது

எங்கள் புறநோயாளிப் பிரிவின் நுழைவாயிலில் ஓர் எடைக் கருவி இருக்கிறது. பதிவுச் சீட்டு பெற்றவுடன் ஒவ்வொருவரும் அதன்மேல் ஏறி நின்ற பிறகே மருத்துவர் அறைக்கு வருகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுபவர்கள் சிலர். கைப்பையை மகளிடம் கொடுத்துவிட்டு ஏறுபவர்கள் சிலர். செவிலியர் எண்ணை உரக்கச் சொல்லிவிடுவாரோ என்று தயங்கி நிற்பவர்கள் சிலர். குயிலாப்பாளையத்திலிருந்தும், பொம்மையார்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம், கோட்டக்கரை முதலிய சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் வருவோர் அனைவரும் அந்தக் கருவியை அறிவார்கள். அதில் தெரியும் எண்ணே உடற்பருமனுக்கான பரிசோதனை என்று பலரும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் பரவியதற்கு மருத்துவர்களாகிய நாங்களும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்பவர். ஈராண்டில் அவருடைய எடை 11 கிலோ கூடியிருந்தது. இரத்த அழுத்தம் உயர்ந்தது; பிறகு சர்க்கரையும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் மாத்திரைகளை எழுதிக் கொடுத்து, “சோற்றைக் குறையுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள்” என்று அறிவுரை கூறி அனுப்பினோம். அவர் இரவு உணவையே நிறுத்திவிட்டார். எனினும் எடை குறையவில்லை. அவர் உண்பதை மறைக்கிறார் என்றே எங்களில் சிலர் கருதினோம். அந்தக் கருத்து எவ்வளவு தவறானது என்பதைப் பின்னர்க் கூறுவோம். அவருடைய ஒப்புதலுடன், அடையாளங்களைத் தவிர்த்து, இதை இங்கே எழுதுகிறோம்.

உடற்பருமனை அறிவதற்கு நான்கு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். எடை எவ்வளவு? கொழுப்பு உடலில் எங்கே சேர்ந்திருக்கிறது? அது ஏன் சேர்ந்தது? இதுவரை உடலுக்கு என்ன செய்திருக்கிறது? எடைக் கருவி இவற்றில் முதற்கேள்விக்கு மட்டுமே விடை கூறும். அதையும் முழுமையாகக் கூறாது.

எவ்வளவு?

எடையை உயரத்தோடு சேர்த்துப் பார்ப்பதே முதற்படி. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியெண். பி.எம்.ஐ. என்று மருத்துவச் சீட்டில் நீங்கள் காண்பது இதுவே. ஓர் எடுத்துக்காட்டு: உயரம் 155 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. 1.55-ஐ 1.55-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2.40. 68-ஐ 2.40-ஆல் வகுத்தால் 28.3. காலணியின்றி, கனமற்ற உடையில், குதிகாலும் முதுகும் சுவரை ஒட்டியிருக்க நின்று உயரத்தை அளக்க வேண்டும். உயரத்தில் நேரும் சிறு பிழையும் குறியெண்ணை மாற்றிவிடும் என்பதால், ‘தோராயமாக ஐந்தடி’ என்று சொல்வது போதாது.

இக்கணக்கை வகுத்தவர் மருத்துவர் அல்லர். பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த வானியல், புள்ளியியல் அறிஞர் அடால்ஃப் கெட்லே 1830-களில் சராசரி மனிதனின் உடலமைப்பை ஆராய்ந்தபோது எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி அமைவதைக் கண்டார். 1972-இல் அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். பெருந்திரளான மக்களை ஒப்பிடுவதற்கு உதவும் அளவு அது. ஒரு தனி மனிதரின் உடலில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்று பிரித்துக் காட்டும் ஆற்றல் அதற்கு இல்லை. மூட்டை சுமந்து தசை திரண்ட இளைஞருக்கும், அமர்ந்தே வேலை செய்பவருக்கும் ஒரே எண் வரக்கூடும். முதுமையில் தசை கரைந்து அவ்விடத்தில் கொழுப்பு சேரும்போது எண் மாறாமலே இருக்கும். கருவுற்ற தாய்மாருக்கு இக்கணக்கு பொருந்தாது. கால் வீக்கமோ வயிற்றில் நீர்க்கோவையோ உள்ளவர்களின் எடையில் நீரின் எடையும் சேர்ந்திருக்கும்.

எந்த எண்ணிலிருந்து பருமன் என்று கொள்வது? உலக சுகாதார நிறுவனத்தின் பொது வரையறைப்படி 25-க்கு மேல் அதிக எடை. 30-க்கு மேல் பருமன். இந்தியர்களுக்கு இவ்வரம்பு பொருந்தவில்லை என்பதால், 2009-இல் இந்திய வல்லுநர்கள் கூடி வேறு வரம்பைப் பரிந்துரைத்தார்கள். அதன்படி 23 முதல் 24.9 வரை அதிக எடை. 25-உம் அதற்கு மேலும் பருமன். ஆகவே ஒரே எண்ணுக்கு ஒரு மருத்துவமனைச் சீட்டில் ‘அதிக எடை’ என்றும் மற்றொன்றில் ‘பருமன்’ என்றும் எழுதப்பட்டிருந்தால் குழப்பம் அடைய வேண்டாம். எந்த வரம்பைப் பின்பற்றினார்கள் என்று கேளுங்கள்.

இது அரிதான சிக்கலும் அன்று. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கு உடல் நிறை குறியெண் 25 அல்லது அதற்கு மேல் இருந்தது. 2015–16 கணக்கெடுப்பில் இது 30.9 விழுக்காடாகவே இருந்தது. அதாவது, பத்துப் பெண்களில் நால்வர் இந்திய வரம்பின்படி இந்நோயறிதலுக்கு உரியவர்கள். இத்தனை பேருக்கும் ஒரே அறிவுரையைக் கூறி அனுப்புவது மருத்துவம் ஆகாது.

எங்கே?

குயிலாப்பாளையத்தில் வாழும் நமக்கு ஒரு காட்சி பழக்கமானது. ஆரோவில்லுக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்களும் நம் ஊர்க்காரர்களும் ஒரே தேநீர்க் கடையில் நிற்பார்கள். இருவருடைய உயரமும் எடையும் ஒன்றாகவே இருக்கலாம். உடலின் உள்ளமைப்பு ஒன்றாக இருக்குமா?

2004-இல் ‘லான்செட்’ இதழில் ஒரு சிறு கட்டுரையும் ஒரு புகைப்படமும் வெளியாயின. அதில் இரு மருத்துவர்கள் அருகருகே நின்றிருந்தார்கள். ஒருவர் புனே நகரைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் இலண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருடைய உடல் நிறை குறியெண்ணும் 22.3. ஆனால் உடற்கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. எண் ஒன்றே, கொழுப்போ இரு மடங்கிற்கும் மேல். தோற்றத்தில் மெலிந்தும் உள்ளே கொழுப்பு மிகுந்தும் இருக்கும் இந்திய உடலமைப்பை உலகுக்கு உணர்த்திய படம் அது. நமக்கெனத் தனி வரம்பு ஏன் தேவைப்பட்டது என்பதற்கும் அதுவே விளக்கம்.

தோலுக்கு அடியில், தொடையிலும் இடுப்பின் பக்கவாட்டிலும் சேரும் கொழுப்பைவிட, வயிற்றறைக்குள் குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து சேரும் கொழுப்பே அதிகத் தீங்கு செய்கிறது. அதிலிருந்து வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலைச் சென்றடைகின்றன. இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் செவிசாய்க்காத நிலை ஏற்படுகிறது. சர்க்கரை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக உயர்கின்றன.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேன் ஓட்டும் 44 வயது அன்பர் ஒருவர், மனைவியின் வற்புறுத்தலால் எங்களிடம் வந்தார். உயரம் 165 சென்டிமீட்டர், எடை 64 கிலோ, குறியெண் 23.5. “எனக்குத் தொப்பை மட்டும்தான் சார், உடம்பே கிடையாது” என்று சிரித்தார். அவருடைய வயிற்றுச் சுற்றளவு 97 சென்டிமீட்டர். வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை 138. மறுமுறை பார்த்தபோதும் நீரிழிவு உறுதியாயிற்று. எடையை மட்டும் பார்த்திருந்தால், உலக வரையறைப்படி ‘இயல்பு’ என்று எழுதி அனுப்பியிருப்போம்.

இவரைப் போன்றவர்கள் சிலர் மட்டும் அல்லர். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நாடு முழுவதும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. குறியெண்ணைக் கொண்டு கணித்த பருமன் 28.6 விழுக்காடு, வயிற்றுச் சுற்றளவைக் கொண்டு கணித்த பருமன் 39.5 விழுக்காடு. எடைக் கருவிக்குத் தப்பியவர்கள் எத்தனை பேர் என்பதை இந்த இடைவெளியே காட்டும்.

சுற்றளவை அளக்கத் தையற்கடையில் உள்ள இஞ்சு டேப்பே போதும். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டறிந்து, இரண்டுக்கும் நடுவில், ஆடையின்மேல் அல்லாமல் தோலின்மேல் டேப்பைச் சுற்ற வேண்டும். இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும்; வயிற்றை உள்ளிழுக்கக் கூடாது; டேப் தோலை அழுத்தக் கூடாது. பாவாடை நாடா கட்டும் இடமோ, கால்சட்டையின் இடுப்பளவோ சரியான அளவு ஆகாது. தொப்பை உள்ள ஆண்கள் கால்சட்டையைத் தொப்பைக்குக் கீழே அணிவதால் 34 என்ற பழைய அளவே பல ஆண்டுகள் பொருந்திக்கொண்டிருக்கும்.

இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ முப்பத்தைந்தரை அங்குலம். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஏறத்தாழ முப்பத்தொன்றரை அங்குலம். இவற்றுக்கு மேற்பட்டால் வயிற்றுப் பருமன். டேப் இல்லாத வீட்டில் ஒரு கயிறு போதும். உங்கள் உயரத்துக்குக் கயிற்றை வெட்டி, இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றுங்கள். இரு முனைகளும் சேர்ந்தால் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறது. சேராவிட்டால் மருத்துவரைக் காண வேண்டும்.

ஏன்?

பெரும்பாலானோருக்கு உடற்பருமன் ஒரே காரணத்தால் வருவதில்லை. பிறப்பிலேயே அமைந்த மரபணு இயல்பு, எளிதாகக் கிடைக்கும் இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும், உடலுழைப்புக் குறைந்த தொழில், இரவுப் பணி, உறக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவை கலந்தே அதை உண்டாக்குகின்றன. ஆகவே அதை ஒருவருடைய ஒழுக்கக்குறை என்று கூறுவதற்கு மருத்துவத்தில் இடமில்லை. ஆனால் ஒரு சிலருக்குத் தனிப்பட்ட, தேடினால் கண்டறியக்கூடிய காரணம் ஒன்று இருக்கும். அதைத் தேடாமல் விட்டதே எங்கள் பிழை.

முந்திரிக்கொட்டை உடைக்கும் அந்த அம்மையார், புதிதாகப் பணியில் சேர்ந்திருந்த இளம் மருத்துவர் ஒருவரிடம் ஒரு நாள் சென்றார். “காலைக் கீழே வைத்துத் தரையில் உட்கார்ந்து வேலை செய்ய முடியவில்லை” என்ற பேச்சு வந்தபோது, இளம் மருத்துவர் அவரை நாற்காலியில் அமரச் செய்து, “அம்மா, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள்” என்றார். அவரால் இயலவில்லை. முகம் வட்டமாக உப்பியிருந்தது, கைகால்களோ மெலிந்திருந்தன. முன்கையில் இடித்துக்கொண்ட நினைவே இல்லாமல் கன்றிய தழும்புகள். வயிற்றில் விரலகலத்தில் ஊதா நிறக் கோடுகள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் தோன்றும் வெளிறிய மெல்லிய கோடுகள் அவை அல்ல. இவை யாவும் எங்கள் கண்முன்னே இருந்தவை. நாங்கள் எடையைப் பார்த்தோமே தவிர, அவரைப் பார்க்கவில்லை.

வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் கொண்டுவரச் சொன்னார் இளம் மருத்துவர். மறுநாள் வந்த மஞ்சள் பையில் எங்கள் மாத்திரைகளோடு ஒரு காகிதப் பொட்டலமும் இருந்தது. “எல்லாத்தையும் கொண்டாரச் சொன்னீங்களேம்மா, இதுவுமா?” என்று தயக்கத்துடன் எடுத்துக் கொடுத்தார். மூட்டுவலிக்கென்று உறவினர் ஒருவர் வாங்கி வந்து கொடுத்தது. பெயரும் இல்லை, தயாரித்தவர் விவரமும் இல்லை. மூன்று ஆண்டுகளாகக் காலை, மாலை இருவேளையும் உட்கொண்டிருக்கிறார். வலி உடனே குறைந்ததால் அதைவிட மனம் வரவில்லை. காலை எட்டு மணிக்கு எடுத்த இரத்தத்தில் கார்ட்டிசால் என்னும் இயக்குநீர் மிகக் குறைவாக இருந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு நெடுங்காலம் உடலுக்குள் சென்றதால், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் தம் வேலையை நிறுத்தியிருந்தன. எடை, அழுத்தம், சர்க்கரை, தசைத் தளர்ச்சி ஆகிய நான்குக்கும் அந்தப் பொட்டலமே வேர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று ஐயுறும் மருந்தை எவரும் திடீரென நிறுத்திவிட வேண்டாம். சுரப்பிகள் உறங்கிக் கிடக்கும் நிலையில் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவரிடம் காட்டி, அளவறிந்த மருந்துக்கு மாறி, மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கும் மூட்டழற்சிக்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டுக்கும் இது பொருந்தும். பெயரில்லாப் பொட்டலங்களைக் குறித்தே பேசுகிறோம். முறையாகப் பயின்று பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர்களைக் குறித்து அல்ல.

காரணம் தேடும்போது நாங்கள் கேட்கும் பிற கேள்விகளும் உண்டு. சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் ஆகியவை இருந்தால் தைராய்டு குறைவை அறிய டி.எஸ்.எச். பரிசோதனை செய்கிறோம். ஆனால் தைராய்டு குறைவால் மட்டும் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோ அளவே. அதிலும் ஒரு பங்கு நீர். எல்லா எடைக்கும் தைராய்டைக் காரணம் காட்டுவதும் சரியன்று. மாதவிலக்குத் தள்ளிப்போதல், முகத்தில் உரோமம் வளர்தல் ஆகியவை இருந்தால், பி.சி.ஓ.டி. என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறைத் தேடுகிறோம். மனநோய்க்கும் வலிப்புக்கும் தரப்படும் சில மருந்துகளும், இன்சுலினும், சில சர்க்கரை மாத்திரைகளும் எடையைக் கூட்டக்கூடும். அவற்றையும் தாமாக நிறுத்தக் கூடாது. மாற்று உண்டா என்று மருத்துவரைக் கேட்கலாம்.

என்ன செய்திருக்கிறது?

பருமன் உறுதியான பின், அது எந்த உறுப்பை எவ்வளவு தாக்கியிருக்கிறது என்று பார்ப்பதே நோயறிதலின் கடைசிப் பகுதி. 2025 ஜனவரியில் ‘லான்செட்’ இதழின் பன்னாட்டு வல்லுநர் குழு இதையே வலியுறுத்தியது. குறியெண்ணை மட்டும் நம்பாமல் சுற்றளவு போன்ற மற்றோர் அளவையும் கொண்டு கொழுப்பு மிகுதியை உறுதிசெய்ய வேண்டும் என்றது. உறுப்புகள் பாதிப்படைந்திருந்தாலோ அன்றாட வேலைகள் தடைபட்டாலோ அது நோய்நிலைப் பருமன். பாதிப்பு இன்னும் இல்லையெனில் முன்நிலைப் பருமன் என இரண்டாகப் பிரித்தது. அதே மாதத்தில் இந்திய வல்லுநர்களும் நம் வரம்புகளுக்கேற்ப இரு நிலைகளை வகுத்து வெளியிட்டார்கள். முன்நிலையில் உள்ளவருக்குக் கண்காணிப்பும் வாழ்க்கைமுறை மாற்றமும் முதன்மை. நோய்நிலையில் உள்ளவருக்கு மருந்தோ, சிலருக்கு அறுவைச் சிகிச்சையோ காலந்தாழ்த்தாமல் தேவைப்படலாம். ஒரே எடையுள்ள இருவருக்கு ஒரே சிகிச்சை கூடாது என்பதே இதன் பொருள்.

இதற்குத் தேவையான பரிசோதனைகள் சிலவே; பெரும்பாலானவை எளியவை. சரியான அளவுள்ள கைப்பட்டையால் இரத்த அழுத்தம் பார்த்தல் அவற்றுள் முதலாவது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிட உயர்வாகக் காட்டும். பெரிய பட்டை கேட்கத் தயங்க வேண்டாம். இரத்தத்தில், வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-உம் அதற்கு மேலும், அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.5-உம் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு. அறிகுறிகள் இல்லாதவருக்கு மறுமுறை பார்த்து உறுதிசெய்கிறோம். கொழுப்புப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு 150-க்கு மேல் இருப்பதும், நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே இருப்பதும் வயிற்றுக் கொழுப்பின் அடையாளங்கள்.

கல்லீரலில் கொழுப்பு படிவதை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டும். ஆனால் உண்மையில் அறிய வேண்டியது கல்லீரல் தழும்பேறத் தொடங்கிவிட்டதா என்பதே. வயது, இரண்டு கல்லீரல் நொதிகள், தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு கணிக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. அதில் ஐயம் எழுந்தால் மட்டுமே மேற்பரிசோதனைக்கு அனுப்புகிறோம். சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினினும், சிறுநீரில் ஆல்புமினும் பார்க்கிறோம். முழங்கால், இடுப்பு மூட்டுகளைத் தொட்டும் மடக்கியும் பார்க்கிறோம்.

உறக்கம் குறித்த கேள்விக்கு நோயாளியைவிடக் குடும்பத்தாரே நல்ல விடை கூறுவார்கள். உரத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, திணறி, மீண்டும் தொடங்குகிறதா? பகலில் வண்டி ஓட்டும்போது கண்ணயர்ந்து போகிறாரா? அப்படியானால் உறக்க மூச்சுத்தடை இருக்கலாம். அதற்கெனப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. மேற்சொன்ன வேன் ஓட்டுநரின் மனைவி அவரை அழைத்து வந்ததே இக்குறட்டையால்தான்.

பரிசோதனை தேவையா என்று முடிவுசெய்யவும் நம்மிடம் ஒரு கருவி இருக்கிறது. 2005-இல் மருத்துவர் வி. மோகனும் உடன் பணியாற்றியோரும் சென்னையில் மக்களிடையே நடத்திய ஆய்வின் அடிப்படையில் இந்திய நீரிழிவு இடர்மதிப்பீட்டை உருவாக்கினார்கள். வயது, வயிற்றுச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்னும் நான்கு விவரங்கள் மட்டுமே அதற்கு வேண்டும். நூற்றுக்கு 60-உம் அதற்கு மேலும் வந்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மேலும், 2021 ஆகஸ்டு முதல் நடைபெறும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர்களிடம் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம்.

அதேவேளையில், தேவையற்றவற்றுக்குப் பணம் செலவிட வேண்டாம் என்பதையும் கூற வேண்டும். காரணமின்றிச் செய்யப்படும் முழு உடல் இயக்குநீர்ப் பரிசோதனைத் தொகுப்புகள், இன்சுலின் அளவு, லெப்டின் அளவு ஆகியவை பெரும்பாலோருக்கு எதையும் தெளிவுபடுத்துவதில்லை. உடற்கொழுப்பைக் காட்டுவதாகக் கூறும் எடைக் கருவிகள் உடலில் உள்ள நீரின் அளவுக்கேற்ப மாறிக் காட்டும். காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று.

குழந்தைகளுக்கு

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் வரம்புகள் பொருந்தா. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தில் குறித்தே முடிவுசெய்ய வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2015-இல் வெளியிட்ட வரைபடங்கள் இதற்கு உதவுகின்றன. ‘குண்டுக் குழந்தை நலமான குழந்தை’ என்னும் நம்பிக்கையாலும், ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்னும் ஆறுதலாலும் பல ஆண்டுகள் வீணாகின்றன. ஐந்து வயதுக்குள் மிக விரைவாக எடை கூடி, தீராத பசியும் இருந்தால் அரிதான மரபணுக் காரணம் இருக்கலாம். உயரம் வளராமல் எடை மட்டும் கூடினால் சுரப்பிக் கோளாறைத் தேட வேண்டும்.

கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் வெல்வெட்டுப் போன்ற கருமை படர்ந்த பிள்ளைகளைத் தாய்மார்கள் எங்களிடம் காட்டுகிறார்கள். அழுக்கு என்றெண்ணிப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணான பிள்ளைகளும் உண்டு. அது அழுக்கு அன்று. இன்சுலின் சரிவரச் செயல்படாததைத் தோல் காட்டும் அறிகுறி அது. தேய்ப்பதை நிறுத்தி, பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

குடும்பத்தாருக்கு

“நீ தின்பதால்தான்” என்ற சொல் எவர் எடையையும் குறைத்ததில்லை. அது செய்வதெல்லாம் நோயாளியை மருத்துவமனைக்கு வரவிடாமல் தடுப்பதே. எடைக் கருவியில் ஏற நேருமே என்று அஞ்சியே, மார்பில் கட்டியைக் கண்டும் மாதக்கணக்கில் வராதிருந்த பெண்மணியை நாங்கள் அறிவோம். எங்கள் செவிலியர்கள் இப்போது எடையை உரக்கச் சொல்வதில்லை. சீட்டில் எழுதி மடித்துத் தருகிறார்கள். எடை பார்க்க விரும்பாத நாளில் அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. “எடையைக் குறையுங்கள்” என்று மட்டும் கூறி உங்களை அனுப்ப முற்பட்டால், “என் வயிற்றுச் சுற்றளவு எவ்வளவு? இதற்கு வேறு காரணம் உண்டா? எந்த உறுப்பு பாதிக்கப்பட்டிருக்கிறது?” என்று கேளுங்கள். எங்களிடமும் கேளுங்கள்.

அந்த அம்மையாருக்குச் சுரப்பிகள் மீண்டும் இயங்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. மூட்டழற்சிக்கு உரிய மருந்து இப்போது தரப்படுகிறது. கூடிய 11 கிலோவில் 7 கிலோ குறைந்தது. சர்க்கரைக்கான மாத்திரை ஒன்றாகக் குறைந்தது. இரத்த அழுத்த மாத்திரை தொடர்கிறது. அண்மையில் வந்தபோது, எவரும் கேளாமலே நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து காட்டினார். ஈராண்டுகளாக அவர் கூறியதை நம்பாமல் இருந்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். “பொட்டலத்தைச் சொல்லாதது என் தப்புதானே” என்றார் அவர். நாங்கள் கேட்டதே இல்லை என்பதுதான் உண்மை.

இப்போது எங்கள் புறநோயாளிப் படிவத்தில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: ‘பெயர் தெரியாத மருந்து எதுவும் உட்கொள்கிறீர்களா?’ ஆகவே, அடுத்த முறை வரும்போது வீட்டிலுள்ள மாத்திரை, சூரணம், தைலம், பொட்டலம் அனைத்தையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பழைய பரிசோதனைச் சீட்டுகளையும், இரவில் உங்கள் குறட்டையைக் கேட்கும் ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள். யாரும் கடிந்துகொள்ள மாட்டோம்.